ஆங்கில ஆசிரியராக வர நினைக்கும் டெல்டா பிள்ளைகளுக்கு: பட்டப்படிப்பிலிருந்து புத்தகப் பெட்டி வரை

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடமும் திறக்கும். ஒவ்வொரு ஜூனிலும் ஒன்பதாம் வகுப்புக்குள் முதல் நாள் போனதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: "பாடப் புத்தகத்தைத் தவிர, ஏதாவது ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் சேர்ந்த வருடம் 41 பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க எங்க வயசுல என்ன படிச்சீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. எம்.ஏ. முடித்திருந்த நானும், 14 வயதுப் பிள்ளைக்கென்று எழுதப்பட்ட ஓர் ஆங்கில நாவலைக்கூட அதுவரை தொட்டதில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு நோட்ஸ் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பிறகுதான் நான் ஆங்கில ஆசிரியராக ஆனேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டு "இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுக்கலாமா?" என்று யோசிக்கிற பிள்ளைக்கும், பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவருக்கும், ஏற்கெனவே வகுப்பில் நின்றுகொண்டு "கைடைத் தாண்டி ஒன்றும் நடக்கவில்லையே" என்று வருந்துகிறவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். படிப்பு, தேர்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதற்கு வழிகாட்ட ஊருக்கு நாலு கோச்சிங் சென்டர் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

1. பட்டப்படிப்பு: எங்கே, எப்படி

பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஊரை விட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-இல் தொடங்கியது. தஞ்சாவூரில் ராஜா சரபோஜி அரசு கல்லூரியும், பெண்களுக்குக் குந்தவை நாச்சியார் அரசு கல்லூரியும் இருக்கின்றன. மன்னார்குடியில் ராஜகோபால சுவாமி அரசு கலைக் கல்லூரி, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி., தஞ்சைக்குப் பக்கத்தில் பூண்டி புஷ்பம் கல்லூரி. மேற்படிப்புக்குத் திருவாரூரிலேயே 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பி.ஏ.வையும் பி.எட்.டையும் ஒன்றாக முடிக்க நினைப்பவர்கள் மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனத்தில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்க்கலாம்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும். வகுப்பில் சொல்வது பாதி புரியாது. அதற்காகப் பாடத்தை மாற்றிக்கொண்டு ஓடாதீர்கள். வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரி, பள்ளி ஆசிரியராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்களே வியந்தார்கள். அதே கும்பகோணம் கல்லூரியில்தான் கணித மேதை ராமானுஜன், கணக்கைத் தவிர ஆங்கிலம் உட்பட மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். இரண்டு பேருமே நம் மண்ணின் பிள்ளைகள். ஆங்கிலத்துக்கும் அறிவுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்பதை என் வகுப்பில் இந்த இரண்டு பேரையும் வைத்துத்தான் சொல்வேன்.

கல்லூரியின் மூன்று வருடமும் ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்யுங்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே மாதம் இரண்டு ஆங்கிலப் புத்தகம், அதுவும் எளிமையான புத்தகம். முப்பத்தாறு மாதத்தில் 72 புத்தகம் ஆகிவிடும். நீங்கள் பின்னால் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இதற்கு ஈடாகாது.

2. பி.எட்., தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு

பி.எட். 2015 முதல் இரண்டு வருடப் படிப்பு. தமிழ்நாட்டில் இது தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி ஒதுக்கும்போது பலரும் வீட்டுக்குப் பக்கத்தில் கேட்பார்கள். உங்களால் முடிந்தால் கொஞ்சம் உள்ளடங்கிய கிராமப் பள்ளியைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு உங்களுக்கு வேலை கிடைக்கப்போவது அப்படி ஒரு பள்ளியில்தான்.

6 முதல் 10 வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு பி.ஏ., பி.எட்.டுடன் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறியிருக்க வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணக்கு-அறிவியல் அல்லது சமூக அறிவியல். ஆங்கிலம் படித்தவர்களில் பெரும்பாலோர் சமூக அறிவியலைத்தான் எடுப்பார்கள். அதற்கு 6 முதல் 10 வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களை வரி விடாமல் படித்தாக வேண்டும், வேறு வழியில்லை. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. மற்றப் பிரிவினருக்கான சலுகை அவ்வப்போது மாறுவதால் அந்தந்த அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் அது வேலைக்கான உத்தரவு இல்லை. அதற்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

மேல்நிலை வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் தேர்வு வேறு. அதுவும் 150 மதிப்பெண்தான்: பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. இதோடு கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு. 50-க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலம் எடுப்பவருக்கு எதற்குத் தமிழ்த் தாள் என்று சிலர் கோபப்படுவார்கள். தமிழ் நன்றாகத் தெரியாதவரால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியாது என்பது என் அனுபவம்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,400-இல் தொடங்குகிறது, முதுகலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி.

அரசு வேலைக்கு முன்னால் தனியார் பள்ளியில் சில வருடம் ஓட்ட வேண்டியிருக்கும். நானும் ஓட்டினேன். ஒரு பள்ளியில் கோடை விடுமுறைக்குச் சம்பளமே தரவில்லை. வகுப்பில் கதைப் புத்தகம் வாசித்ததற்காக, "போர்ஷனை முடிங்க மேடம், கதை எல்லாம் எதுக்கு?" என்று தாளாளர் அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அந்த வருடங்களை வீணாக நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஏழு பீரியடு எடுத்ததில்தான் எனக்குக் குரல் நின்றது, பயம் போனது.

3. இளையோர் இலக்கியம் என்றால் என்ன என்று முதலில் நாம் படித்துப் பார்க்க வேண்டும்

சுமார் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கான இலக்கியத்தை இளையோர் இலக்கியம் என்கிறோம். அந்த வயதுப் பிள்ளைதான் கதையின் நடுவில் நிற்கும். பெரும்பாலும் "நான்" என்று தன் வாயாலேயே பேசும். பெரியவர்கள் வந்து புத்தி சொல்லிக் கதையை முடித்துவைக்க மாட்டார்கள். சிநேகிதம் முறிவது, உடம்பு மாறுவது, வீட்டில் காசு இல்லாதது, அப்பா வெளிநாட்டில் இருப்பது, சாதி, முதல் பிரியம், யாரிடமும் சொல்ல முடியாத பயம் எல்லாம் அதில் வரும்.

அமெரிக்காவில் இந்த வகை தனியாக வேர் பிடித்ததற்கு 1967-இல் வந்த எஸ்.ஈ. ஹின்டனின் முதல் நாவலை முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். அவர் அதை எழுதத் தொடங்கியபோது பள்ளி மாணவி. நம் நாட்டில் ரஸ்கின் பாண்ட் தன் முதல் நாவலை 17 வயதில் எழுதினார். 1956-இல் அது அச்சில் வந்தது. இந்த இரண்டு செய்தியையும் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். "எங்க வயசுலயா டீச்சர்?" என்று ஒரு முகமாவது மலரும்.

அமெரிக்க நூலகச் சங்கம் 2000 முதல் இளையோர் நூல்களுக்கென்றே பிரின்ட்ஸ் விருது தருகிறது. சாகித்ய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குப் பால சாகித்ய புரஸ்கார் தருகிறது. பரிசுப் பட்டியல் வழிகாட்டும், ஆனால் அதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். பனி பெய்யும் ஊரில், பெரிய பள்ளி நடனத்துக்கு என்ன உடை போடுவது என்று தவிக்கும் கதை எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவே ஒட்டாது. நாய்க்குட்டி தொலைந்த கதை, அண்ணன் வேலைக்குப் போய்த் திரும்பாத கதை, கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்காத கதை இதெல்லாம் எந்த நாட்டில் நடந்தாலும் ஒட்டும்.

ஒரு புத்தகம் ஒரு பிள்ளைக்குச் சரியா என்று பார்க்க ஐந்து விரல் கணக்கு போதும். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தை வந்தால் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 250 வார்த்தை உள்ள பக்கத்தில் ஐந்து என்பது அதே கணக்குதான்.

இந்தக் கணக்குப்படி ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் ஆகாது. நான்காம் வகுப்பு நிலையில்தான் தொடங்க வேண்டியிருக்கும். அதில் வெட்கம் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் சிரமத்தைப் பார்த்துத்தான் வார்த்தைகளை எண்ணி அளந்து எளிமையாக்கிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் அந்த வகை நூல்களுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளின் தடுமாற்றமும் ஒரு காரணம்.

ஆசிரியர் படிக்காத புத்தகத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. இதை மட்டும் விதியாகவே சொல்கிறேன். முதல் வருடம் 25 புத்தகம் படியுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதிவையுங்கள்: என்ன கதை, யாருக்குக் கொடுக்கலாம், எந்தப் பக்கத்தில் சிக்கல். என் நோட்டில் ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது: "அம்மா இறந்த வீடு. 31-ஆம் பக்கம் அழ வைக்கும். சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த பிள்ளைக்கு உடனே வேண்டாம், ஆறு மாதம் போகட்டும்."

4. புத்தகப் பெட்டி

நூலகவியலின் தந்தை ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு எனக்குப் பாடமாகவே ஆகிவிட்டன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன்தான் வந்து தொடங்கிவைத்தார். மாட்டுவண்டியில் புத்தகம் போன ஊரில், பள்ளி பீரோவில் புத்தகம் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆறாது.

அதனால் முதல் வேலை, பீரோ சாவியைக் கேட்டு வாங்குவது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகப் புத்தகங்கள் இருக்கும், "காணாமல் போனால் யார் பொறுப்பு?" என்ற பயத்தில் வெளியே வராது. தலைமையாசிரியரிடம் போய், "சார், பொறுப்பு நான் எடுத்துக்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுத்தேன். முதல் வருடத்தில் ஆறு புத்தகம் திரும்பவில்லை. சொந்தக் காசில் வாங்கி வைத்தேன், அதற்கு 500 ரூபாய்கூட ஆகவில்லை.

அப்புறம் புதுப் புத்தகம். விலை மலிவாக வேண்டும் என்றால் நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டையும் பாருங்கள். நம் ஊர் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் சென்னையிலிருந்து வரும் தூலிகா, தாரா வெளியீடுகள், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு டக்பில். காசே இல்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த கதைகள் இலவசமாகக் கிடைக்கும். அவற்றைத் தாராளமாக அச்செடுக்கலாம், உரிமப் பிரச்சினை இல்லை. தமிழும் ஆங்கிலமும் இருக்கும் ஒரே கதையை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றாகத் தைத்துக் கொடுத்தால், தடுமாறும் பிள்ளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே முடித்துவிடும்.

பணத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேளுங்கள், முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது "பள்ளிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். நாற்காலி, மின்விசிறி என்று சொல்லாமல் புத்தகப் பட்டியலைக் கையில் கொடுங்கள். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகளையே கூட்டிப்போய் ஆளுக்கொரு புத்தகம் எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் எடுத்த புத்தகம் நமக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.

மழைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது எங்கள் வகுப்பின் கூரைத் தகடு பறந்துவிட்டது. மூன்றாம் நாள் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தால் அடியில் இருந்த முப்பது புத்தகமும் ஊறிக் கிடந்தன. கரண்ட் இல்லை. ஊரே கூரை தேடிக்கொண்டிருந்த நேரம், புத்தகத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. ஆனால் நான் கூப்பிடாமலேயே எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பத்துப் பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் வைத்து, வெயில் படாமல் தாழ்வாரக் காற்றில் நிறுத்திவைத்தோம். காலையும் மாலையும் தாளை மாற்றினோம். வழுவழுப்புத் தாளில் அச்சிட்ட படப் புத்தகங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சாதாரணத் தாளில் வந்த மலிவுப் பதிப்புகளில் 19 பிழைத்தன. அன்றிலிருந்து பெட்டியைத் தரையில் வைப்பதில்லை, மேசை மேல் வைத்து உள்ளே தார்ப்பாய் விரிக்கிறேன். பூச்சி அண்டாமல் இருக்க வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து போடுகிறேன். சுவடிகளுக்குத் தஞ்சை சரசுவதி மகாலில் செய்த பழைய வைத்தியம் அது.

5. வாரத்தில் ஒரு பீரியடு

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கேட்டு வாங்குங்கள். யாரும் அதற்குச் சண்டைக்கு வர மாட்டார்கள். நாற்பது நிமிடத்தை நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

முதல் எட்டு நிமிடம் நான் உரக்க வாசிப்பேன். நின்று நிதானமாக, ஆள் ஆளுக்குக் குரல் மாற்றி. கதவைத் தட்டுவது யார் என்று தெரிவதற்கு ஒரு வரி முன்னால் நிறுத்திவிடுவேன். "டீச்சர், அடுத்தது!" என்று கத்துவார்கள். புத்தகம் பெட்டியில் இருக்கும், வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அடுத்த 20 நிமிடம் எல்லோரும் மௌனமாக வாசிக்க வேண்டும். நானும்தான். இந்த நேரத்தில் நோட்டுத் திருத்தக் கூடாது, ரெக்கார்டு எழுதக் கூடாது, போனை எடுக்கவே கூடாது. ஆசிரியர் புத்தகத்தில் ஆழ்ந்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் பல வீடுகளில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து புத்தகம் படிப்பதைப் பிள்ளை பார்த்ததே இருக்காது. அது யாருடைய குற்றமும் இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வரும் அம்மாவுக்கு நேரம் ஏது?

கடைசிப் பன்னிரண்டு நிமிடம் பேச்சு. தமிழில் பேசட்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால் பேசத் தெரிந்த மூன்று பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் புத்தகத்தையே வெறுத்துவிடுவார்கள். கதையைப் பற்றித் தமிழில் சண்டை போடுகிற பிள்ளை, தன் கட்சிக்கு ஆதாரம் தேடி ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டும். அந்தப் புரட்டலுக்காகத்தான் இவ்வளவும்.

வாரம் ஒரு முறை மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன். அதற்கு மதிப்பெண் கிடையாது, சிவப்பு மை கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "ஷி இஸ் ஆங்ரி. பட் ஷி நாட் டெல்." நான் தவறைச் சுழிக்காமல் கீழே பதில் எழுதினேன்: "யெஸ், ஷி டஸ் நாட் டெல் எனிஒன். வொய்?" அடுத்த வாரம் அவள் நோட்டில் இருந்த வரி: "பிகாஸ் ஷி டஸ் நாட் டிரஸ்ட் ஹெர் சிஸ்டர்." மூன்று வருடமாக இலக்கணப் பயிற்சியில் கோடிட்ட இடத்தை நிரப்பியும் பிடிபடாத "டஸ் நாட்", அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்ததால் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மொழி கற்பித்தல் ஆய்வாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் செய்து பார்த்ததும் இதே வழிதான். இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல் ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்கவைத்தார். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானே படியும் என்றார். மயிலாடுதுறை - திருவாரூர் ரயில் நேரத்தை வைத்து நானும் அப்படி ஒரு பாடம் எடுப்பதுண்டு.

குறுவை அறுவடையிலும் சம்பா நடவிலும் வருகை குறையும். அந்த வாரங்களில் புதுக் கதை தொடங்காதீர்கள். வராத பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.

6. "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?"

வரும் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். துணைப்பாடத்தில் வாக்கியங்களைக் கதை வரிசைப்படி அடுக்கச் சொல்வார்கள். குறிப்புகளைக் கொடுத்துக் கதையாக வளர்க்கச் சொல்வார்கள். பார்த்திராத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். இருபது கதை படித்த பிள்ளைக்குக் கதை எப்படி நகரும் என்று உடம்பிலேயே தெரியும். இதற்கெல்லாம் மனப்பாடம் தேவைப்படாது.

மெமரி போயமும் கடிதமும் மனப்பாடம்தான், அதை மறைக்க வேண்டாம். ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்கு வாசிப்புப் பீரியடை நானே நிறுத்திவிட்டு ரிவிஷன் எடுக்கிறேன். தேர்ச்சி குறைந்தால் புத்தகப் பெட்டிக்கும் ஆபத்து வரும். அதனால்தான் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் முழுமூச்சாக இறங்கச் சொல்கிறேன்.

7. சிக்கலான கதைகள்

காதல், சாதி, மாதவிடாய், குடிகார அப்பா, அத்துமீறும் உறவினர். நல்ல இளையோர் நூல்களில் இவை வரும். பயந்து ஒதுக்கவும் கூடாது, யோசிக்காமல் நீட்டவும் கூடாது. இப்படிப்பட்ட புத்தகத்தை நான் வகுப்பில் உரக்க வாசிப்பதில்லை. பெட்டியில் வைப்பேன், தேடி வருகிற பிள்ளையிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டுக் கொடுப்பேன். தலைமையாசிரியருக்கு முன்பே சொல்லிவைத்துவிடுவேன்.

ஒரு முறை ஒரு அப்பா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். "பொட்டப் புள்ளைக்கு இத ஏன் கொடுத்தீங்க?" என்றார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவர் குறித்துவைத்திருந்த பக்கத்தைத் தமிழில் சொன்னேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும் வீட்டில், ஒரு பெண் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதும் பக்கம் அது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "சரி டீச்சர், முடிச்சிட்டுக் கொடுக்கச் சொல்றேன்" என்று எழுந்துபோனார். எல்லா அப்பாவும் அப்படி இருக்க மாட்டார்கள். கோபமாகவே போனவர்களும் உண்டு. அப்போது அந்தப் பிள்ளைக்கு வேறு புத்தகம் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். வீட்டில் அடி வாங்கப்போவது நாம் இல்லை.

இன்னொன்றையும் எதிர்பார்த்துத் தயாராக இருங்கள். கதையைப் படித்துவிட்டு, "டீச்சர், எனக்கும் இப்படி நடந்துச்சு" என்று ஒரு பிள்ளை ஒரு நாள் வந்து நிற்கும். அப்போது கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. சட்டப்படி தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

8. வகுப்புக்கு வெளியே

இரண்டு, மூன்று வருடத்தில் உங்களிடம் பிறருக்குச் சொல்ல விஷயம் சேர்ந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் "கனவு ஆசிரியர்" இதழுக்கு எழுதுங்கள். பிள்ளைகளின் எழுத்தை "தேன்சிட்டு"க்கு அனுப்புங்கள். ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கும். அதில் மாதம் ஒரு கூட்டத்தை இளையோர் நூலுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள், பிள்ளைகளே பேசட்டும். பெங்களூருவில் இருக்கும் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம், ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் இரண்டிலும் ஆசிரியர்களுக்கான படிப்புகள் உண்டு.

மொழிபெயர்ப்பையும் யோசித்துப் பாருங்கள். தமிழில் சிறுவர் கதைக்கும் பெரியவர்கள் நாவலுக்கும் நடுவே 14 வயதுக்காரர்களுக்கான அலமாரி இன்னும் மெலிந்தே இருக்கிறது. தினமும் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியருக்கு அவர்களின் பேச்சு காதிலேயே இருக்கும். நான் ஒரு குறுநாவலை மொழிபெயர்த்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "டீச்சர், எந்தப் பையனும் 'நான் மிகவும் வருந்துகிறேன்'னு சொல்ல மாட்டான்" என்று ஒருவன் எழுந்து சொன்னான். பதினேழு இடத்தில் திருத்தினேன்.

9. மாறுதல் வரும்போது

இடமாறுதல் கலந்தாய்வில் ஊர் மாறத்தான் செய்யும். புத்தகப் பெட்டி உங்களுடையது என்று தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அதே சமயம் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனால் மறுபடியும் பீரோவுக்குள் போய்விடும். நான் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே எட்டாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்குப் பதிவேடு எழுதப் பழக்கினேன். புத்தகத்தின் பெயர், எடுத்தவர், எடுத்த தேதி, திருப்பிய தேதி, "யாருக்குப் பிடிக்கும்" என்று ஐந்து கட்டம். புதிதாக வந்த ஆங்கில ஆசிரியர் இளைஞர். அவரிடம் சாவி, பதிவேடு, என் மூன்று வரி நோட்டு மூன்றையும் கொடுத்தேன். என்ன புத்தகத்தில் தொடங்கலாம் என்று அவர் கேட்டார். பதிவேட்டை நீட்டினேன். அதிகம் கசங்கிய பக்கத்தில் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தார். பதிவேடு எழுதும் பெண் வந்து அவர் பெயரைக் கேட்டு, தேதியும் போட்டு எழுதிக்கொண்டாள்.